வாணலியில் சிக்கிய வானலை

சென்ற வாரம் பார்த்த, பிரிங்கிள்ஸ் சிப்ஸ் டப்பாவில் செய்யும் வைஃபை ஆன்டெனாவுக்குப் பேர் பெரிது, பலன் சிறிது. ராப் ஃபிளிக்கெங்கர் 2001இல் கலிஃபோர்னியாவில் அதைச் செய்து விளக்கி எழுதிய பிறகு, பல நாடுகளில் சிப்ஸ் டப்பாக்கள் மொட்டை மாடி ஏறின. ஆனால் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.3 செ.மீ. உருளையான உலோகக் குழாய்க்குள் அந்த அலை தடையின்றி ஓட, குழாயின் விட்டம் 7.2 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். பிரிங்கிள்ஸ் டப்பா அந்த எல்லையிலேயே நின்றுவிடுகிறது. அதைவிட அகலமான உணவு டப்பாக்கள் நன்றாக வேலை செய்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

டப்பாவோடு கதை முடியவில்லை. அடுத்த பாய்ச்சல் இந்தோனேசியாவில், ஒரு சமையல் பாத்திரத்தில் நிகழ்ந்தது.

2000ஆம் ஆண்டுவாக்கில் அங்கே இணைய இணைப்பு நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாத செலவு. பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த ஒன்னோ பூர்போ அந்த ஆண்டு வேலையை விட்டு விலகி, ஊர் ஊராகப் போய்ப் பட்டறைகள் நடத்தத் தொடங்கினார். அமெச்சூர் ரேடியோவில் ஊறியவர் அவர். அந்த நாட்டில் சில பத்துக் குடும்பங்களுக்கு ஓர் ஆர்.டி., பல ஆர்.டி.கள் சேர்ந்து ஓர் ஆர்.டபிள்யூ. என்று அக்கம்பக்க அமைப்புகள் உண்டு. விலை கூடிய இணைப்பு ஒன்றை எடுத்து, வைஃபை வழியாகப் பேட்டை முழுக்கப் பகிர்ந்து, செலவையும் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அதனாலேயே ‘ஆர்.டி. ஆர்.டபிள்யூ. நெட்’ என்று பெயர் வந்தது. சட்டம் மட்டும் இடம் கொடுக்கவில்லை. உரிமம் இல்லாமல் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கிய கருவிகளை அதிகாரிகள் பறிமுதல் செய்துகொண்டிருந்தார்கள். பல ஆண்டுகள் போராடிய பிறகு 2005 ஜனவரி 5 அன்று அமைச்சரின் ஆணை ஒன்று அந்த அலைவரிசைக்கு உரிமத் தேவையை நீக்கியது. அதே மாதம் 28ஆம் தேதி இந்திய அரசும் இதே வரிசையைத் திறந்துவிட்டது தற்செயல்தான் என்றாலும் கவனிக்கத்தக்கது.

அனுமதி கிடைத்துவிட்டது. தூரத்துக்கு என்ன செய்வது? கடையில் விற்ற திசை ஆன்டெனாக்களின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. மேற்கு ஜாவாவின் பூர்வகர்த்தாவைச் சேர்ந்த குணாதி என்பவர் உருவாக்கிய ‘வாஜன்போலிக்’ அந்த இடத்தை நிரப்பியது. வாஜன் என்பது அவர்கள் வீட்டு வாணலி.

செய்முறை இதுதான். 36 செ.மீ. விட்டமுள்ள அலுமினிய வாணலியை எடுத்து, வாய்மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, நடுவில் ஆழம் பார்க்க வேண்டும். 9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியம் கிடைக்கும்: 1296ஐ 144ஆல் வகுக்க 9. அதாவது வாணலியின் அடியிலிருந்து 9 செ.மீ. உயரத்தில், விளிம்புக்குச் சமமான மட்டத்தில், அலைகள் வந்து கூடும். அடியின் மையத்தில் துளைபோட்டு, 3 அங்குல பிவிசி பைப்பின் மூடியை நட்டு போல்ட்டால் இறுக்கி, அதில் பைப்பைச் செருக வேண்டும். வாணலியை ஒட்டிய 9 செ.மீ. பைப்பை வெறுமனே விட்டுவிட வேண்டும். பிவிசி அலையைத் தடுக்காது. அதற்கு மேல் நுனிவரை அலுமினிய டேப் சுற்றி, நுனி மூடியின் உள்பக்கத்திலும் அதே டேப்பை ஒட்டினால், பைப்பின் மேல்பாதி உலோகக் குழாயாகிவிடும். அதன் வாய் வாணலியைப் பார்த்தபடி, சரியாகக் குவியத்தில் நிற்கும். மூடிய நுனியிலிருந்து 5.3 செ.மீ. தள்ளி ஒரு ஓட்டை, அதற்குள் யு.எஸ்.பி. வைஃபை டாங்கிள்.

அந்த 5.3 எங்கிருந்து வந்தது? குழாய்க்குள் நுழைந்த அலை வெளியில் இருப்பதைவிட நீண்டுவிடும். சுமார் 9 செ.மீ. விட்டமுள்ள குழாயில் அது 21 செ.மீ. அளவுக்கு நீள்கிறது. அதில் கால் பங்குதான் இந்த அளவு. அங்கே நிற்கும் டாங்கிளிடம், நேராக வரும் அலையும் மூடியில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றுக்கொன்று கைகொடுத்துச் சேருகின்றன. ஒன்றிரண்டு செ.மீ. தவறினால் அந்தக் கூட்டு கலையத் தொடங்கும். பைப்பின் அளவும் யோசித்து எடுத்ததே. இதைவிட மிக அகலமான குழாயை எடுத்தால் வேறு வடிவ அலைகளும் உள்ளே புகுந்து குழப்பும்.

வாணலியைப் பார்த்து எல்லோரும் வியப்பார்கள். உண்மையில் வியக்க வேண்டியது அந்த யு.எஸ்.பி. கேபிளை. பழைய முறையில் ரேடியோ கீழே வீட்டுக்குள் இருக்கும். ஆன்டெனா மாடியில் இருக்கும். நடுவே கோஆக்சியல் கேபிள். மெல்லிய ஆர்ஜி-58 வகைக் கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபல் தின்றுவிடும். 10 மீட்டர் இழுத்தால் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆன்டெனா கஷ்டப்பட்டுச் சேர்த்ததைக் கேபிள் கரைத்துவிடுகிறது. ரேடியோவையே தூக்கிக் குவியத்தில் வைத்துவிட்டால் கீழே இறங்குவது எண்களாகிவிட்ட தகவல் மட்டும்தான். யு.எஸ்.பி. கேபிள் 5 மீட்டருக்குள் இருந்தால் போதும், எதுவும் கரையாது. நியூசிலாந்தின் வெலிங்டனில் மாஸி பல்கலைக்கழகத்தின் ஸ்டான் ஸ்வான், எண்ணெயிலிருந்து பலகாரம் அள்ளும் கம்பி வலை ஜல்லிக்கரண்டியில் டாங்கிளைக் கட்டிவைத்ததும் இதே நியாயத்தில்தான். வலையில் ஓட்டைகள் இருக்கின்றனவே என்றால், 12 செ.மீ. அலையின் கண்ணுக்கு அந்தச் சின்ன ஓட்டைகள் தெரியவே தெரியாது.

இனி சோதனை. பலர் அவசரப்படும் கட்டம் இது. ‘ஐந்து புள்ளி காட்டுகிறது’ என்பது அளவீடு ஆகாது.

ஆன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. டார்ச் லைட்டின் கிண்ணம்போல, எல்லாப் பக்கமும் சிதறுவதை ஒரு பக்கம் திருப்புகிறது. அந்தத் திருப்பத்தை டெசிபலில் அளக்க வேண்டும். அன்றைய இந்தோனேசியப் பட்டறைகளின் காலத்தில் நெட்ஸ்டம்ப்ளர் என்ற இலவச மென்பொருள் சிக்னலை நொடிக்கு நொடி வரைபடமாகக் காட்டியது. இன்று கைபேசிச் செயலிகளே அதைச் செய்கின்றன. சுவர்கள் இல்லாத திறந்த வெளியில், ரவுட்டரைச் சில பத்து மீட்டர் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். முதலில் வெறும் டாங்கிளின் அளவைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் வாணலியோடு மறுபடி அளக்க வேண்டும். டாங்கிள் காட்டும் எண் துல்லியமானதல்ல. ஆனால் இரண்டு எண்களின் வித்தியாசத்தை நம்பலாம். அளப்பவர் ஆன்டெனாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும், ஏனெனில் மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை நன்றாகவே உறிஞ்சும்.

36 செ.மீ. கிண்ணத்துக்கு, பாதித் திறன் வீணாகும் என்று எடுத்துக்கொண்டாலும், கணக்கு சுமார் 16 டெசிபல் தருகிறது. கையில் கிடைப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும். வாணலி உண்மையான பரவளையம் அல்ல, பெரும்பாலும் கோளத்தின் ஒரு துண்டு. நடுப்பகுதியில் பட்ட அலை ஓரிடத்திலும் விளிம்பில் பட்டது சற்றுக் கீழேயும் கூடுவதால் குவியம் ஒரு புள்ளியாக இல்லாமல் பரவிக்கிடக்கும். ஆகவே 9 செ.மீ. என்பது தொடக்கம் மட்டுமே. பைப்பை அரை அரை செ.மீ.யாக உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும், ஒவ்வொரு நிலையிலும் பல அளவுகள் எடுத்துச் சராசரி பார்த்து, உச்சம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பைப்பை அதன் அச்சிலேயே கால் வட்டம் சுழற்றிப் பார்த்தால் சிக்னல் சட்டென்று சரியும். எதிர்முனையின் ஆன்டெனா செங்குத்தாக இருக்கும்போது டாங்கிள் படுக்கையாக இருந்தால் இரண்டுக்கும் பேச்சு ஒத்துப்போகாது. கடைசியாக, மொத்த வாணலியையும் இடவலமாகத் திருப்பி, உச்சத்திலிருந்து 3 டெசிபல் விழும் இரண்டு கோணங்களைக் குறிக்க வேண்டும். அவற்றுக்கிடையே 25 பாகைக்கு நெருங்கி வந்தால் கிண்ணம் ஒழுங்காகக் குவிக்கிறது.

12 டெசிபல் தேறினாலும் அது பெரிய வெற்றி: பதினாறு மடங்கு சக்தி, திறந்த வெளியில் நான்கு மடங்கு தூரம். இந்திய விதியையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஆன்டெனா குவித்த பிறகு திறன் 4 வாட்டைத் தாண்டக் கூடாது. 100 மில்லிவாட் டாங்கிள் 16 டெசிபல் கிண்ணத்தில் உட்கார்ந்தால் அந்த வரம்பைச் சரியாகத் தொடுகிறது.

மாடியில் ஏற்றிய பிறகு இன்னொரு தடை காத்திருக்கும். எதிர்வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. 1 கி.மீ. இணைப்பின் நடுவில் அலை ஐந்தரை மீட்டர் ஆரத்துக்கு உப்பியிருக்கும். அதில் பாதிக்கு மேலாவது தடையின்றி இருக்க வேண்டும். குறுக்கே ஈர இலைகளோடு ஒரு மாமரம் நின்றால் வாணலியால் ஒன்றும் செய்ய முடியாது.

தூரம் இன்னும் கூடும்போது தடை காற்றில் இல்லை, வைஃபையின் விதிமுறைக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் உடனே வர வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. ஒவ்வொரு கி.மீ.யைக் கடக்கவும் அலைக்கு 3.3 மைக்ரோ வினாடி ஆவதால், தூரம் மிகக் கூடினால் பதில் வருவதற்குள் கருவி பொறுமையிழந்து மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். அந்த விதியையே மாற்றி எழுதிய பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று, 2006 வாக்கில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு வைஃபையில் இணைத்தது. தேனியில் இருந்த மருத்துவர் அந்த மையங்களுக்கு வந்த நோயாளிகளைத் திரையில் பார்த்துப் பேசினார். அந்த இணைப்புகளின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)