அடையாற்றில் மாண்டிசோரி அம்மையார்

1907-ஆம் வருஷம் ரோமாபுரியின் சான் லொரென்ஸோ பகுதியில், பெற்றோர் வேலைக்குப் போனபின் மாடிப்படிகளிலும் சுவர்களிலும் கைவரிசை காட்டித் திரிந்த ஏழைச் சிறார்களுக்காகக் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கிய வைத்தியர் மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலக மகாயுத்தத்தில் இத்தாலியப் பிரஜை என்ற காரணத்தால் (அது அவர் செய்த குற்றமா, என்ன!) கட்டுக்காவலுக்கு உட்பட்ட அவர், 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது.

தாயின் இடுப்பில் அமர்ந்தபடியே சந்தையையும் திருவிழாவையும் காணும் சிசு, போதிப்பார் எவருமின்றியே தாய்மொழியையும் குலாசாரத்தையும் கிரகித்துக்கொள்வதை நேயர்கள் அறிவீர்கள். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சூழலனைத்தையும் இவ்வாறே தன்வயமாக்கிக்கொள்கிறது என்று அம்மையார் விரித்துரைத்த நூல், 1949-இல் அடையாற்றிலேயே வெளியாயிற்று.