சிக்னலில் நின்றாலே கார் கொதிக்குதா? ஃபேன் சுவிட்சைப் பாருங்க!

சென்னை: ஓடும்போது சும்மா இருக்கும் பழைய கார், சிக்னலில் நின்றதும் சூடேறினால், முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் சுவிட்ச் மேல்தான். தண்ணீர் சுமார் 95 டிகிரியைத் தொட்டதும் ஃபேனை ஓடவிடுவது இதன் வேலை.

சுவிட்சின் 2 வயரையும் கழற்றி இணைத்துவிட்டு சாவியைப் போடுங்க. ஃபேன் சுற்றினால் சுவிட்ச் அவுட். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டாரைப் பார்க்கணும். கம்ப்யூட்டர் வைத்த புது கார்களில் இதைச் செய்யாதீங்க.

சீக்கிரமே ஃபேன் ஓடட்டும் என்று குறைந்த டிகிரி சுவிட்ச் மாட்டலாம். ஆனால் தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்கும் கீழே போனால் ஃபேன் ஓயாமல் ஓடி மோட்டார் காலியாகும். ரேடியேட்டரில் அடைப்பு இருந்தால் எந்த சுவிட்சும் காப்பாற்றாது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்க. சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அலட்சியமாக விட்டாலோ ஹெட் கேஸ்கெட் போய், ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும்!