ஏழாம் தேதி சம்பளம். ஐந்தாம் தேதி தவணை!

மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு டீக்கடை. மாதம் பிறந்து எட்டாம் நாள் மாலை. பக்கத்துத் தோல் பட்டறையில் வேலை பார்க்கும் நெல்லைச் சீமைக்காரர் ஒருவர், பாங்க் பாஸ் புத்தகத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ஏதோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் புத்தகத்தை நீட்டினார்.

“அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க. நான் ஒத்தப் பைசா எடுக்கலை. ஆனா அஞ்சாம் தேதி 295 ரூபா, ஆறாம் தேதி இன்னொரு 295 ரூபா பிடிச்சிருக்காங்க. எதுக்குன்னே விளங்கலை.”

வாங்கிப் பார்த்தோம். இரண்டு வரிகளுக்கும் நேராக ‘நாச் ரிட்டர்ன்’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. இரு சக்கர வண்டிக்காக அவர் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியிருக்கிறார். அந்தத் தவணை பாங்க் கணக்கிலிருந்து தானாகப் போக வேண்டும். போதிய பணம் இல்லாததால் போகவில்லை. போகாததற்குத்தான் இந்த அபராதம்.

இவர் ஒருவர் கதை அல்ல இது. மும்பையிலும் மற்ற வெளிமாநில நகரங்களிலும் மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் நம்மவர்களில் பலர், இப்படி ஒரு வரியைத் தங்கள் பாஸ் புத்தகத்தில் என்றாவது கண்டு திகைத்திருப்பார்கள்.

460 ரூபாய் குறைந்ததற்கு 1,040 ரூபாய்!

நண்பரின் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். அவருக்கு மாதச் சம்பளம் 16,500 ரூபாய். வண்டித் தவணை 3,200 ரூபாய். ஐந்தாம் தேதி காலையில் கணக்கில் இருந்தது 2,740 ரூபாய். ஆக, குறைந்தது வெறும் 460 ரூபாய்தான்.

தவணை திரும்பியதும் பாங்க் 250 ரூபாய் அபராதமும் அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரியாக 45 ரூபாயும் எடுத்துக்கொண்டது. மொத்தம் 295. கணக்கில் மீதி 2,445. மறுநாளே நிதி நிறுவனம் அதே தவணையை மறுபடியும் கேட்டு அனுப்பியது. முதல் நாளே போதாத பணம் இப்போது இன்னும் குறைந்திருக்கிறது. மறுபடியும் திரும்பியது, மறுபடியும் 295. இதற்கிடையில் தவணை தவறியதற்காக நிதி நிறுவனம் தன் பங்குக்கு 450 ரூபாய் போட்டது.

ஏழாம் தேதி சம்பளம் வந்தது. நண்பர் நேரில் போய்த் தவணையைக் கட்டிவிட்டார். ஆனால் இரண்டு நாள் தாமதத்துக்கு மொத்தத் தண்டம் 1,040 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் அவருடைய ஒரு நாள் கூலி சுமார் 635 ரூபாய். ஒன்றரை நாளுக்கு மேற்பட்ட உழைப்பு இப்படிப் போயிற்று. மாதந்தோறும் ஊரில் தாயாருக்கு 6,000 ரூபாய் அனுப்புகிறவர், இந்த மாதம் 5,000தான் அனுப்பினார்.

“அம்மாகிட்ட என்னன்னு சொல்ல? பாங்க்ல பிடிச்சிட்டாங்கன்னு சொன்னா, நீ என்னப்பா தப்பு பண்ணினேன்னு கேக்கா” என்றார் அவர்.

‘நாச்’ என்பது என்ன?

கடன் வாங்கும்போது கட்டுக் காகிதங்களில் கையெழுத்து வாங்குகிறார்கள் அல்லவா? அவற்றில் ஒன்று, “என் கணக்கிலிருந்து மாதாமாதம் இந்தத் தொகையை எடுத்துக்கொள்ளலாம்” என்று நாம் பாங்குக்குக் கொடுக்கும் அனுமதி. இப்போது பல இடங்களில் காகிதம்கூட இல்லை. ஆதார் எண்ணையோ ஏ.டி.எம். கார்டையோ வைத்து போனிலேயே அனுமதி வாங்கிவிடுகிறார்கள். இதன் பேரில் நாடு முழுவதும் பாங்குகளுக்கிடையே தவணைகளை வசூலித்துக் கொடுக்கும் ஏற்பாடுதான் ‘நாச்’. இதை நடத்துவது இந்திய தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம்.

முன்பு ஞாயிற்றுக்கிழமையும் பாங்க் விடுமுறையும் வந்தால் தவணை மறு வேலை நாளுக்குத் தள்ளிப் போகும். அந்த ஒரு நாள் அவகாசம் பலரைக் காப்பாற்றியதுண்டு. 2021 ஆகஸ்டு 1 முதல் அது போயிற்று. வாரத்தின் ஏழு நாளும், பண்டிகை நாளிலும்கூட ‘நாச்’ ஓடுகிறது. ஐந்தாம் தேதி ஞாயிறு என்றால் ஞாயிறே தவணை கேட்டு வரும். அதுவும் பெரும்பாலும் காலையிலேயே வந்துவிடும். “சாயங்காலம் போட்டுவிடலாம்” என்று இருந்தால் காரியம் கெட்டுவிடும்.

வில்லன் யார்? தேதிதான்!

நண்பர் ஊதாரி அல்ல. கடனை ஏமாற்றுகிறவரும் அல்ல. பிறகு ஏன் இப்படி நேர்ந்தது?

1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களில் மாதச் சம்பளத்தை மறு மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே ஏழாம் தேதியைத்தான் கெடுவாக வைத்திருக்கிறது. ஆகவே ஏழாம் தேதி சம்பளம் கொடுக்கும் முதலாளி சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை.

கடன் கொடுக்கும் நிறுவனங்களோ பெரும்பாலும் இரண்டாம் தேதி, மூன்றாம் தேதி, ஐந்தாம் தேதி என்று தவணை நாள் வைக்கின்றன. முதல் தேதியே சம்பளம் வாங்குகிற பெரிய கம்பெனி ஊழியருக்கு இது சௌகரியம். பட்டறைத் தொழிலாளிக்கும் சிறு கம்பெனிக் குமாஸ்தாவுக்கும் இதுவே பொறி. கையெழுத்துப் போடும் அவசரத்தில் வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்று கேட்கிறோமே தவிர, தவணை எந்தத் தேதி என்று கேட்பதில்லை. பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

பாங்க் தரப்பு என்ன சொல்கிறது?

தவணை திரும்பினாலும் அதைக் கையாள்வதில் தங்களுக்கு வேலையும் செலவும் உண்டு. அபராதம் இல்லாவிட்டால் யாரும் பணம் வைத்திருக்க மாட்டார்கள் என்பது பாங்குகளின் வாதம். முழுக்கத் தள்ளிவிட முடியாத வாதம்தான். ஆனால் 460 ரூபாய் குறைந்தவருக்கும் 46,000 ரூபாய் குறைந்தவருக்கும் ஒரே அபராதம் என்றால், அது சிறியவரைத்தானே அதிகம் அமுக்குகிறது?

எவ்வளவு வசூலிப்பது என்பதை அந்தந்த பாங்கே தீர்மானிக்கலாம் என்று ரிசர்வ் பாங்க் விட்டிருக்கிறது. ஆனால் அது நியாயமானதாக, சேவைக்கு ஆகும் சராசரிச் செலவுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் ஒரு தடவை தவணை திரும்பினால் பல பாங்குகளில் 250 முதல் 500 ரூபாய் வரை, வரி தனி.

கடன் கொடுத்தவர் போடும் அபராதத்துக்கு வேறொரு கட்டுப்பாடு உண்டு. 2023 ஆகஸ்டு 18 அன்று ரிசர்வ் பாங்க் பிறப்பித்த உத்தரவின்படி, தவணை தவறியதற்காக அபராத வட்டி என்று வட்டியை ஏற்றக்கூடாது. அபராதம் தனிக் கட்டணமாகவே இருக்க வேண்டும். அந்த அபராதத்தின்மேல் மறுபடியும் வட்டி போடக்கூடாது. எவ்வளவு என்பதைக் கடன் ஒப்பந்தத்திலேயே காட்ட வேண்டும். புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இது அமலுக்கு வந்தது. வட்டிக்கு வட்டி போட்டிருப்பதாகச் சந்தேகம் வந்தால் கடன் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

குறைந்தபட்ச இருப்பு என்னும் இன்னொரு ஓட்டை

தவணை அபராதத்தோடு ஒட்டிப் பிறந்தது ‘மினிமம் பாலன்ஸ்’ அபராதம். 2023–24 முடிய ஐந்து ஆண்டுகளில் அரசுத் துறை பாங்குகள் மட்டும் இந்த வகையில் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

ஸ்டேட் பாங்க் 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த நிபந்தனையை நீக்கியது. 2025ல் கனரா பாங்க், பஞ்சாப் நேஷனல் பாங்க், இந்தியன் பாங்க் முதலியவையும் நீக்கின. மற்றவற்றில், குறிப்பாகத் தனியார் பாங்குகளில், இது தொடர்கிறது. அங்கும் விதி உண்டு. இருப்பு குறைந்தால் முதலில் தகவல் சொல்லி, சரிசெய்ய ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். குறைந்த தொகைக்கு ஏற்ற அளவில்தான் அபராதம் போடலாம். இந்த அபராதத்தாலேயே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது.

வெளியூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. வேலை மாறும்போது பழைய கம்பெனியின் சம்பளக் கணக்கு அப்படியே கிடக்கிறது. சில மாதம் சம்பளம் வராமல் போனால் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு கேட்கத் தொடங்குகிறது. தவணை அனுமதியும் அந்தக் கணக்கின் பேரிலேயே இருக்கிறது. ஊர் நம்பரை விட்டுவிட்டு மும்பையில் புது சிம் வாங்கியிருந்தால், பாங்க் அனுப்பும் எச்சரிக்கைச் செய்தி யாருக்கோ போய்க்கொண்டிருக்கும்!

செக் கொடுத்தால் இரட்டிப்பு ஜாக்கிரதை

அறை வாடகைக்கும் கைமாற்றுக்கும் செக் கொடுப்பது இன்றும் உண்டு. பணமில்லாமல் செக் திரும்பினால் அபராதத்தோடு முடியாது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி அது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். செக் வாங்கியவர் அது திரும்பிய தகவல் தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கு இல்லை. ஆகவே நோட்டீஸைக் கண்டு பயந்து வாங்காமல் திருப்பி அனுப்புவது பெரிய தவறு. அந்தப் பதினைந்து நாள்தான் தப்பிக்கும் வாசல்.

தானாகப் போகும் தவணை திரும்பினாலும் 2007ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா முறைகள் சட்டம் 25ஆம் பிரிவில் இதே போன்ற தண்டனை இருக்கிறது. அங்கும் நோட்டீஸும் 15 நாள் அவகாசமும் உண்டு.

“இன்று செக் கொடுப்போம், பாஸாக இரண்டு நாள் ஆகும், அதற்குள் பணம் போட்டுவிடலாம்” என்ற பழைய கணக்கும் இனி செல்லாது. 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் பெரும்பாலும் போட்ட அன்றே தீர்ந்துவிடுகின்றன. தொகை எழுதாத வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதை அறவே விடுங்கள்.

செய்ய வேண்டியவை

முதல் காரியம், தவணைத் தேதியை மாற்றக் கேளுங்கள். சம்பளம் ஏழாம் தேதி என்றால் பத்தாம் தேதிக்குக் கேட்கலாம். சம்பளம் வரவான பாஸ் புத்தகப் பக்கத்தின் நகலோடு எழுத்து மூலம் கேட்பது நல்லது. புதுக் கடன் என்றால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

தேதி மாறும் வரையில், முந்தின மாதச் சம்பளத்திலேயே தவணைத் தொகையை ஒதுக்கி வையுங்கள். தவணைக்கு முந்தின நாள் மாலையே கணக்கில் பணம் இருக்க வேண்டும். அபராதம் ஏதும் பிடித்திருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய அபராதம் புதுப் பணத்தைத் தின்றுவிட்டு, அடுத்த தவணையையும் கவிழ்த்துவிடும்.

பணம் கட்ட முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், நிதி நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி நேரில் கட்டுகிறேன் என்று கேளுங்கள். திரும்பத் திரும்பத் தவணை கேட்டு அனுப்பி அபராதம் ஏறுவதை அது தடுக்கலாம். கடன் தீர்ந்ததும் தவணை அனுமதியை ரத்து செய்யச் சொல்லிப் பாங்கில் எழுதிக் கொடுங்கள்.

குறைந்தபட்ச இருப்பு வைக்க முடியாதவர்கள் ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ கேட்கலாம். எல்லா பாங்குகளும் தரக் கடமைப்பட்டவை. மாதம் நான்கு தடவை இலவசமாகப் பணம் எடுக்கலாம். ஆனால் அதே பாங்கில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

அபராதம் தவறானது என்று பட்டால் பாங்க் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 14448 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

நமது நண்பர் மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நிதி நிறுவனத்துக்குப் போனார். இரண்டு நாள் அலைந்து, அடுத்த மாதம் முதல் தவணை பத்தாம் தேதி என்று எழுதி வாங்கிவிட்டார். அடுத்தடுத்த நாளில் இரண்டு தடவை அபராதம் பிடித்தது ஏன் என்று கேட்டுப் பாங்குக்கும் ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வைத்திருக்கிறார். அந்தப் பணம் திரும்பி வருமா என்பது பாங்கின் பதிலைப் பொறுத்தது.

“வந்தா அது அம்மாவுக்கு” என்று சொல்லிவிட்டு, கடித நகலை நாலாக மடித்துப் பாஸ் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.