டென்ட் ரெடி... டப்பா ரெடியா?

டென்ட் ரெடி, சாப்பாடு ரெடி... டாய்லெட்? என்ன பாஸ், முழிக்கிறீங்க? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துல, க்ரீன் ஆற்றில் கேம்பிங் கிளம்பினா முக்கியமான கேள்வியே இதுதான்!

சுமார் 1,200 மீட்டர் உயரத்துல செம்பாறைப் பாலைவனம். அதை அறுத்துக்கிட்டு ஓடுது ஆறு. வளைஞ்சு நெளியுற இந்தப் பள்ளத்தாக்குக்கு 1869-ல் ஜான் வெஸ்லி பவல் வெச்ச பேரு 'லாபிரிந்த் கேன்யன்'. கேனோ படகுல ரூபி ரான்ச்சிலிருந்து மினரல் பாட்டம் வரை 72 கி.மீ. போகலாம். ராத்திரியானா கரையில டென்ட். ஆத்துத் தண்ணி ஒரே சேறு. அதனால குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் சுமக்கணும்.

அப்புறம் அந்த மேட்டர்! 'ரெண்டுக்கு' வந்தா டப்பாவுலதான். கசியாம மூடி, ஊர் திரும்பும்வரை கூடவே கொண்டு வரணும். இது விதி! ஒரு காலத்துல ராணுவத் தோட்டாப் பெட்டிமேலதான் உட்காருவாங்க. விளிம்பு அழுத்தி பின்பக்கம் கோடு விழுமாம். அதான் செல்லப்பேரே 'க்ரூவர்', கோடு போடுறது!

ஏன் இவ்ளோ கெடுபிடி? மழை கம்மி, மண்ணுல நுண்ணுயிரும் கம்மி. புதைச்சா லேசுல மக்காது. டென்ட் போட தோதான இடமும் கொஞ்சம்தான். நாளைக்கு இன்னொரு கேங் அங்கேதான் தூங்கணும். அடுப்புச் சாம்பலைக்கூட அள்ளிட்டுத்தான் வரணும்!

அடுத்த டூர்ல சிப்ஸ் கவரை வீசக் கை போகுதா? அந்த டப்பாவை ஒரு தடவை நினைச்சுக்கோங்க!