மடிக்கணனியின் சூடும் மின்னழுத்தக் குறைப்பும்

மடிக்கணனி கொதிக்கிறது, விசிறி ஓயாது இரைகிறது என்று குறைப்படாத வீடு இன்று அரிது. விசிறியில் அடைந்த தூசியை அகற்றியும் சூடு தணியாவிடின், புரொசசருக்குச் செல்லும் மின்னழுத்தத்தைச் சிறிது குறைப்பது ஒரு பரிகாரமாகும். இது செலவற்றது; ஆயினும் அளவு மீறினால், பிள்ளைகள் இரவிரவாக எழுதிய கட்டுரை ஒரு நொடியில் அழிந்து போகலாம். ஆகவே முக்கியமானவற்றை வேறிடத்தில் பிரதி செய்து வைத்த பின்னரே இதில் இறங்குதல் வேண்டும்.

புரொசசர் இயங்கும்போது செலவாகும் வலு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மாறாதிருக்க, அழுத்தத்தை நூற்றுக்குப் 10 வீதம் குறைத்தால், அவ்வலு ஏறத்தாழ 19 வீதம் குறையும். சில்லுகள் யாவும் ஒரே தரத்தில் அமைவதில்லை. ஆதலால் தயாரிப்பாளர் அழுத்தத்தைச் சற்று மிகையாகவே வைக்கின்றனர். நாம் குறைக்கக்கூடியது அம்மிகையை மாத்திரமே. ஒரு கணனி தாங்கும் குறைப்பை அதே மாதிரியான மற்றொன்று தாங்காமைக்கும் காரணம் இதுவே.

இனி, நேரக்கூடிய கோளாறுகளைக் கவனிப்போம்.

கணனி உறைந்தாலோ நீலத்திரை தோன்றினாலோ, குறைப்பு மிஞ்சிவிட்டது என்பது பொருள். 10 மில்லிவோல்ற்று வீதம் பின்வாங்குக. கடும் வேலையில் மட்டுமன்றி, சும்மா இருக்கையிலும் உறக்கத்தினின்று விழிக்கையிலும் சோதித்தல் அவசியம்.

குறைத்தும் பயனில்லையாயின், இன்ரெல் புரொசசர்கள் பலவற்றில் கருவுக்கும் கேஷ் நினைவகத்துக்கும் மின்வழி ஒன்றே என்பதை நினைவிற் கொள்க. இரண்டையும் ஒரே அளவாகக் குறைத்தல் வேண்டும்.

மாற்றவே இயலாதவாறு பூட்டப்பட்டிருப்பின், அது பழுதன்று. இன்ரெல்லின் மின்னழுத்தக் கட்டுப்பாட்டைக் கொண்டே இரகசியச் சாவிகளைக் கவரலாம் என 2019 டிசம்பரில் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். ‘பிளண்டர்வோல்ற்’ எனப்படும் அக்குறையை அடைக்கவே பயோஸ் திருத்தங்கள் மூலம் பூட்டுப் போடப்பட்டது. பூட்டை நீக்கப் பழைய பயோசுக்குத் திரும்புவதை நாம் ஆதரிக்கமாட்டோம். காப்புத் திருத்தங்கள் போவதுடன், எழுதும்போது தடைப்பட்டால் கணனியே இயங்காமற் போகலாம்.

மென்பொருளால் செய்த குறைப்பு, கணனியை முற்றாக நிறுத்தியதும் நீங்கிவிடும். எனவே சில நாட்கள் சோதித்துத் தெளியும்வரை, அம்மென்பொருள் தானே தொடங்குமாறு அமைத்தல் ஆகாது. அவ்வாறு அமைத்துக் கணனி மீண்டும் மீண்டும் விழுந்தால், விண்டோசைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி அவ்வமைப்பை நீக்கினால் போதுமானது.