ரூட்டரின் இரண்டாவது பூட்டு

வீட்டு இணையச் சேவைக்கான பில் யார் பெயரில் வருகிறது? கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பல வீடுகளில் அது அப்பாவின் பெயராகவோ தாத்தாவின் பெயராகவோ இருக்கும். பயன்படுத்துவதோ பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். சில வேளைகளில், யாருக்கும் தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரரும்தான்.

இந்தப் பெயர் விவகாரம் சாதாரணமானதல்ல. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012இல் 114ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஓர் இணைப்பிலிருந்து ஏதாவது வெளியிடப்பட்டால், அந்த இணைப்பு யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரே வெளியிட்டவர் என அனுமானிக்கப்படும். 'நான் இல்லை' என நிரூபிக்கும் சுமை அவர் தலையில். இதை எதிர்த்து அவ்வாண்டு ஆகஸ்டு 14ஆம் தேதி மலேசிய இணையத்தளங்கள் பல தங்கள் பக்கங்களை இருட்டடிப்புச் செய்தன. ஆனாலும் பிரிவு நீக்கப்படவில்லை.

அடுக்குமாடி வீடுகளில் வைஃபை அலை சுவரோடு நிற்பதில்லை. மேல்மாடி, கீழ்மாடி, எதிர்வீடு என்று போகும். ஆகவேதான் ரூட்டருக்குப் பூட்டு தேவைப்படுகிறது. பூட்டுகள் இரண்டு. பலருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: விருந்தினர் கேட்டால் சொல்லும் வைஃபை கடவுச்சொல். மற்றொன்று, ரூட்டரின் அமைப்புகளையே மாற்றும் நிர்வாகிக் கடவுச்சொல். பழைய ரூட்டர்கள் பலவற்றில் இது 'அட்மின்' என்ற ஒரே சொல்லாகவே தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த சாவி!

அந்தச் சாவி திருடன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் சாட்சி. 2011, 2012ஆம் ஆண்டுகளில் அங்கே சுமார் 45 லட்சம் மோடங்களின் டிஎன்எஸ் முகவரியைக் கும்பல்கள் மாற்றின. டிஎன்எஸ் என்பது இணையத்தின் தொலைபேசிப் புத்தகம். அது மாறினால், வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் போலிப் பக்கம் வந்து நிற்கும். இன்று உலாவிகள் எச்சரிக்கை காட்டுகின்றன; அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பணம் பறிபோனால் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

மாற்றுவது கடினமில்லை. ரூட்டரின் அடியிலுள்ள ஒட்டுத்தாளில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. வீட்டு வைஃபையில் இணைந்தபடி உலாவியில் அதைத் தட்டி உள்ளே நுழைந்து, முதலில் நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். 2001லேயே உடைக்கப்பட்ட டபிள்யூஇபி கூடவே கூடாது. டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடலாம். அதன் 8 இலக்க எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இல் வெளிச்சத்துக்கு வந்தது. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் மூடி, மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர்களிடம் கடவுச்சொல் இல்லை என்று சொல்ல நம்மவர்களுக்கு மனம் வராது. அதற்கென்றே பல ரூட்டர்களில் 'கெஸ்ட்' வைஃபை உண்டு. அதை அன்று திறந்து, மறுநாள் மூடிவிடலாம்.

புதிய கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைப்பது நல்லது. மறந்துபோய் ரூட்டரின் பின்புறத் துளையில் ஊசியால் அழுத்தினால், எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். அந்தப் பழைய சாவியும் சேர்த்துத்தான்.