தீபாவளி இரவில் ஓடிய மோட்டார்

தீபாவளிக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் எங்கள் பெரியப்பா ஒரு போர்வையும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் கிளம்பிவிடுவார். கிணற்றோரம் மோட்டார் கொட்டகை இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தி மோட்டாரைப் போட்டுவிட்டால், ஊரில் வெடிச் சத்தம் அடங்கிய பிறகுதான் வெளியே வருவார். யாராவது கேட்டால், “தண்ணி பாய்ச்சப் போயிருக்காரு” என்பார் பெரியம்மா. ஐப்பசி மழையில் சொதசொதவென்று கிடக்கும் நிலத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று யாரும் கேட்டதில்லை.

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போவது புதிதல்ல. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தாத்தா, மகன், பேரன் என்று தலைமுறையாகப் போயிருக்கிறார்கள். பெரியப்பாவும் பதினேழு வருஷம் இருந்தார். இந்திய அமைதிப்படையோடு இலங்கையின் யாழ்ப்பாணம் போனார். தமிழ் தெரிந்த சிப்பாய் என்பதால் சோதனைச் சாவடிகளில் மொழிபெயர்க்க நிறுத்தினார்களாம். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. ஊர் திரும்பியபின் ஒரு இடத்தில் இரவுக் காவல் வேலை. தூக்கம் வராத மனிதருக்கு அது வசதியாகத்தான் இருந்தது. பஸ்ஸில் கடைசி சீட், கல்யாணப் பந்தியில் சுவரை ஒட்டிய இலை. ஒருமுறை பின்னாலிருந்து விளையாட்டாகத் தோளைத் தொட்ட என் அண்ணனை அப்படியே தரையில் சாய்த்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். “மிலிட்டரி கோபம்டா, கிட்ட போகாதே” என்றார்கள். சாயங்காலமானால் கேன்டீன் ரம். “மிலிட்டரிக்காரர்னா அப்படித்தான்” என்று அதற்கும் ஒரு சமாதானம் இருந்தது.

கோபம், குடி என்று அவருடைய நோய்க்கு நாங்கள் வைத்திருந்த இரண்டு பெயர்களுக்கும் ஊரில் மன்னிப்பு உண்டு. மனநோய் என்ற பெயருக்குத்தான் கிடையாது. அதை உச்சரித்துவிட்டால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்பார்கள். 1794-இல் தொடங்கிய ஒரு பழைய மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரை வசைச்சொல்லாக ஆக்கியவர்கள் நாம். ஆனால் ‘மிலிட்டரி கோபம்’ என்று சீட்டெழுதி எந்த மருத்துவரும் மருந்து தரமாட்டார். குடிப் பழக்கத்துக்காக எந்த மருத்துவக் குழுவும் ஊன ஓய்வூதியம் பரிந்துரைக்காது. சரியான பெயரைச் சொல்லாதவரை சிகிச்சைக்கும் வழியில்லை, உரிமைக்கும் வழியில்லை.

அந்தச் சரியான பெயரை மருத்துவர்கள் சுருக்கமாக பி.டி.எஸ்.டி. என்பார்கள். உயிருக்கு ஆபத்தான நிகழ்வைச் சந்தித்தவருக்கு, அல்லது கண்ணெதிரே பார்த்தவருக்கு, அது முடிந்த பிறகும் முடியாமல் இருப்பது. கெட்ட கனவாக வரும். சில நேரம் விழித்திருக்கும்போதே அந்த இடத்தில் நிற்பதுபோல் ஆகிவிடும். அதை நினைவூட்டும் ஆள், இடம், பேச்சு எல்லாவற்றையும் விலக்கத் தோன்றும். வீட்டாரிடம் ஒட்டுதல் விட்டுப்போகும். தன் மீதே குற்ற உணர்வு கூடும். உடம்பு எப்போதும் காவலுக்கு நிற்பதுபோல் விறைத்திருக்கும். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப்போடும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையையே குலைத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். போர்முனைக்குப் போன எல்லோருக்கும் இது வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை. வருகிறவர்களிலும் சிலருக்குப் பல மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். நம் சிப்பாய்களில் பலர் நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்று ஊர் வந்துவிடுகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சகாவும் இல்லை, காலை அணிவகுப்பும் இல்லை. அடக்கி வைத்தது அப்போது எழுவதில் ஆச்சரியம் என்ன?

பெயருக்காக இந்த நோய் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ‘சிப்பாயின் இதயம்’ என்றார்கள். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் ‘ஷெல் ஷாக்’ என்று எழுதினார். 1917-இல் பிரிட்டிஷ் ராணுவமே அந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று உத்தரவு போட்டு, ‘இன்னும் கண்டறியப்படாத நரம்புக் கோளாறு’ என்று சீட்டெழுதச் சொன்னது. முதல் உலகப் போரில் கோழைத்தனம், களத்தைவிட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகத் தன் தரப்பு வீரர்கள் 306 பேரைச் சுட்டுக்கொன்ற பிரிட்டன், 2006-இல்தான் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. அவர்களில் எத்தனை பேர் ஓடியவர்கள், எத்தனை பேர் நடுங்கியவர்கள் என்பதை இனி யார் பிரித்துச் சொல்வது? 1943-இல் சிசிலியில் இப்படி மனம் உடைந்து மருத்துவமனையில் கிடந்த சிப்பாய்களை ஜெனரல் பாட்டன் கன்னத்தில் அறைந்தார்; பிறகு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களும் அவர்களுக்காகப் பேசிய மருத்துவர்களும் போராடிய பிறகுதான், 1980-இல், இன்றைய பெயர் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது. அந்தப் பெயரில் உள்ள ‘கோளாறு’ என்ற சொல்லே வேண்டாம், ‘காயம்’ என்று மாற்றுங்கள் என அமெரிக்க ராணுவத்தின் துணைத் தளபதியாக இருந்த பீட்டர் கியரெல்லி பின்னாளில் வாதாடினார். அந்த மாற்றம் நடக்கவில்லை.

தமிழில் அந்தச் சொல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நோயாளிகளைப் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அங்கிருந்தவர்களும் புழங்கிய சொல், மனவடு. அமைதிப்படையால் துன்பப்பட்ட மக்களும் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் இருந்தார்கள். அந்த மக்கள் பட்டது பெரியது. அதைச் சிப்பாயின் துன்பத்தோடு தராசில் வைப்பது நியாயமில்லை. ஆனாலும் அதே போரிலிருந்து வந்து மோட்டார் கொட்டகையில் படுத்திருந்த மனிதருக்கும் பொருந்துகிற சொல்லை எதிர்ப்பக்கத்து மருத்துவமனைதான் தந்திருக்கிறது. 1987 முதல் 1990 வரை அங்கே இந்திய வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகம் வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதன் அரசியல் நியாயத்தை இங்கே பேச வரவில்லை. ஊரே பேச விரும்பாத ஒரு போரிலிருந்து வந்தவன், தான் கண்டதை யாரிடம் சொல்லுவான் என்பதுதான் என் கேள்வி. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண் என்று காயத்துக்கே மானம் வகுத்த மரபு நம்முடையது. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரன் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டான். மனதில் பட்ட புண்ணையும் நாம் முதுகுக் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கும் பயங்களில் சில பொய், ஒன்றிரண்டு உண்மை. மனநல மருத்துவரைப் பார்த்தால் பென்ஷன் நின்றுவிடும் என்பது பொய். பணிக்காலத்துக்காகக் கிடைக்கும் ஓய்வூதியத்தை நோயைக் காட்டி நிறுத்த முடியாது. ‘பைத்தியம்’ என்று எழுதிவிட்டால் சொத்து, கையெழுத்து எல்லாம் செல்லாமல் போகும் என்பதும் பொய். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறிந்ததை வைத்து மட்டும் அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கருதக்கூடாது, அதற்கு நீதிமன்றம் சொல்ல வேண்டும். சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பது மருத்துவமனையின் கடமை. தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. உடல்நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் அதே அடிப்படையில் தர வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதற்குத் தடை இருக்கிறது. 2001-இல் ஏர்வாடித் தீயில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் செத்த மாநிலத்தில் அந்த வரியின் கனம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

துப்பாக்கி உரிமம் போய்விடுமோ, ‘கன்மேன்’ வேலை போய்விடுமோ என்ற பயம் மட்டும் முழுப் பொய்யல்ல. உரிமத்துக்கு மருத்துவச் சான்று கேட்கிறார்கள். மறைத்து வைத்தால் வேலை தப்பும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். தூங்காத மனிதன், வீட்டில் ரம், கைக்கெட்டும் தூரத்தில் தோட்டா என்ற கூட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிகிச்சை முடியும்வரை துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். வேலையை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தாலும் அது நஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னும் பணியில் இருப்பவர்களின் பயம் வேறு. ராணுவ மருத்துவத் தரவரிசையில் ‘ஷேப்’ என்ற சொல்லின் முதல் எழுத்தே மனநிலையைக் குறிக்கும். அதில் தரம் இறங்கினால் பதவி உயர்வுக்குச் சிக்கல் வரலாம். அது உண்மைதான். ஆனால் காகிதத்தில் ஏறாத நோய், வெளியே வந்தபிறகு இல்லாத நோயாகிவிடும் என்பதும் உண்மை. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில், மனநோயின் விளைவான நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதே மறைமுகப் பாகுபாடு என்று சொல்லியிருக்கிறது.

நோயைக் காரணம் காட்டி வெளியேற்றப்பட்டவர்கள் அதிகம் கேள்விப்படும் சொல் ‘நானா’. பணியால் வந்ததும் அல்ல, பணியால் முற்றியதும் அல்ல என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மருத்துவக் குழு அப்படி எழுதினால் ஊன ஓய்வூதியம் கிடையாது. அதை இறுதித் தீர்ப்பு என்று நினைத்துப் பெட்டியில் பூட்டி வைத்தவர்கள் எத்தனையோ பேர். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர்கள் படிக்க வேண்டும்: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் அவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தவரே, பின்னால் வந்த நோய்க்குப் பணியே காரணம் என்று கொள்ள வேண்டும், நிரூபிக்கும் சுமை சிப்பாயின் தலையில் இல்லை, சந்தேகத்தின் பலன் அவருக்கே. மனச்சிதைவு நோய்க்காக வெளியேற்றப்பட்ட ஒரு வீரரின் வழக்கிலும் 2025-இல், மருத்துவக் குழு காரணம் எழுதாமல் மறுக்கக்கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஊனம் 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் மதிப்பிடப்பட்டால் ஊன ஓய்வூதியத்துக்குத் தகுதி. 2023 செப்டம்பர் 21 முதல் வெளியே வந்தவர்களுக்குப் புதிய விதிகள்; பழைய தீர்ப்புகளை அப்படியே பொருத்திப் பார்க்காமல் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஓய்வுக்குப் பின் தலைகாட்டிய நோய்க்கும் விதியில் குறித்த காலத்துக்குள் கோர இடமுண்டு.

முதலில் மருத்துவக் குழுவின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு முதல் மேல்முறையீடு, இரண்டாவது மேல்முறையீடு. அங்கும் இல்லையென்றால் ஆயுதப் படைகள் தீர்ப்பாயம். அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. தாமதமாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். ஆனால் தாமதித்துப் போனால் நிலுவை பொதுவாக மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும். விண்ணப்பம் எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். இலவசச் சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

சிகிச்சைக்கு 2003 முதல் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். திட்டம் இருக்கிறது, அட்டை இருந்தால் பாலிகிளினிக்கில் காட்டி மனநல மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். மனைவிக்கும் அதில் சிகிச்சை உண்டு. பல வீடுகளில் அவருக்கும் தேவைப்படுகிறது. அட்டை இல்லாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. முகம் காட்டக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். நடந்ததைப் பயிற்சி பெற்றவரின் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் பேச்சு சிகிச்சைதான் இதற்கு முதல் மருந்து. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. ரம் தூக்கத்தைக் கொண்டுவருவதுபோல் ஏமாற்றிவிட்டு விடியற்காலையில் கனவைத்தான் கொண்டுவரும். ஆனால் வருஷக்கணக்காகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம்; அதையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. “எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?” என்று பிள்ளைகளைக் கேட்க விடாதீர்கள். “எல்லாத்தையும் மறந்துடுங்க” என்பதும் வேண்டாம். மறக்க முடிந்தால் அவர் எப்போதோ மறந்திருப்பார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அடி விழுகிற வீடாக இருந்தால் நோய் என்று பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அவருக்குச் சிகிச்சை வேண்டும், உங்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

பெரியப்பா எந்த மருத்துவரையும் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். உங்கள் ஊரில் தீபாவளி ராத்திரி எங்காவது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் போய்ப் பாருங்கள். கதவைத் தட்டாதீர்கள், உள்ளே புகுந்து தொட்டு எழுப்பாதீர்கள். நாலடி தள்ளி நின்று, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.